பருப்பில் கை வைக்காதீர்கள்

வேலை போனாலோ சம்பளம் குறைந்தாலோ, நம் வீடுகளில் முதல் வெட்டு பருப்பு, முட்டை, பாலில்தான் விழுகிறது. சாம்பார் தண்ணீராகிறது. எல்லாருக்கும் பரிமாறிவிட்டு அம்மா சாப்பிட உட்காரும்போது மிஞ்சுவது ரசமும் ஊறுகாயும்தான். ஆனால் பிஸ்கட், நூடுல்ஸ், ஊட்டச்சத்து பானம் என்று பாக்கெட்டும் டப்பாவும் மட்டும் மளிகைப் பட்டியலில் அசையாமல் நிற்கின்றன. இது தலைகீழ்ச் சிக்கனம். வெட்ட வேண்டியது அங்கேதான்.

அடுத்து ரேஷன் கடை. தமிழ்நாட்டில் அரிசி கார்டு இருந்தால் 2011 முதல் அரிசி இலவசம். ஒரு கிலோ துவரம்பருப்பு 30 ரூபாய், ஒரு லிட்டர் பாமாயில் 25 ரூபாய். வெளியே அந்தப் பருப்பு மூன்று மடங்குக்கும் மேல். அப்படியும், 'அங்கே போய் வரிசையில் நிற்பதா?' என்று தயங்கும் நடுத்தரக் குடும்பங்களைப் பார்க்கும்போது மனசு கனக்கிறது. அது நம் வரிப்பணம், வெட்கப்பட ஒன்றுமில்லை. சில மாதம் ரேஷன் பருப்பு சீக்கிரம் வேகாது, உண்மைதான். ஒரு மணி நேரம் ஊறவைத்து, இரண்டு விசில் கூடுதலாக விட்டால் குழைந்துவிடும். இட்லிக்கு அந்த அரிசியே போதும். கடைமாவு வாங்கும் காசு மிச்சம்.

காய்க்கு, பக்கத்தில் உழவர் சந்தை இருந்தால் காலையிலேயே போய்விடுங்கள். மிச்சமாகும் காசில் முதலில் முட்டை வாங்குங்கள், அம்மாவுக்கும் சேர்த்து.