ஒரு துளி போதும். சிலருக்கு ஒரு துளியும் வேண்டாம்

எங்கள் பகுதியில் ஒருவர் வெளிநாட்டிலிருந்து விடுமுறையில் வந்தால், அவருடைய பெட்டிக்குள் பேரீச்சம்பழமும் அத்தரும் இருக்கும். அவற்றோடு ஒரு தைலப் போத்தலும் கட்டாயம் இருக்கும். கட்டாரிலிருந்து வந்த என் சாச்சா கொண்டுவந்தது பெப்பர்மின்ட் எண்ணெய். பெருவிரல் அளவான கபில நிறப் போத்தல். மூடியைத் திறந்தால் வீடு முழுக்க டொபி வாசம். "நூறு வீதம் தூய்மையானது" என்று அதில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. அதை நான் வாசித்துச் சொன்னதும் உம்மம்மா, "அப்ப எல்லா வருத்தத்துக்கும் நல்லம்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

ஒரு கிழமைக்குள் அந்தப் போத்தல் எங்கள் வீட்டு வைத்தியர் ஆகிவிட்டது. தலையிடி என்றால் நெற்றியில், தடிமன் என்றால் வேது பிடிக்கும் சட்டியில், வயிற்றுப் பொருமல் என்றால் தேத்தண்ணியில். ராத்தா ஒருநாள் புடிங் செய்தபோது வாசத்துக்கு என்று நாலு துளி விட்டார். அந்தப் புடிங்கை யாராலும் வாயில் வைக்க முடியவில்லை. நாங்கள் சிரித்தோம். அன்றே நாங்கள் யோசித்திருக்க வேண்டும்.

எனக்கு யோசிக்க வைத்தது வாகரையில் நடந்த ஒரு சம்பவம்.

என் வாப்பா நண்டும் இறாலும் வாங்குவதற்காக வாரத்தில் நாலு நாள் விடியற்காலையில் ஓட்டமாவடியிலிருந்து வாகரைக்குப் போவார். காயாங்கேணி, மாங்கேணி தாண்டி, பனிச்சங்கேணிப் பாலத்தையும் கடந்து போகும் பாதை அது. அங்கே களப்பில் தொழில் செய்யும் ஒரு தமிழ்க் குடும்பத்தோடு வாப்பாவுக்குள்ள பழக்கத்துக்கு என்னைவிட வயது அதிகம். அந்த வீட்டுக்காரரை வாப்பா 'அண்ணன்' என்பார். நாங்கள் 'பெரியப்பா' என்போம். டிசம்பர் விடுமுறையில் ஒருநாள் நானும் வாப்பாவோடு போனேன். கையில் அந்தப் போத்தலும் இருந்தது.

மாரி மழை. இரவு முழுக்க வலையோடு நின்றுவிட்டு வந்த பெரியப்பா தலையிடியோடு திண்ணையில் சாய்ந்திருந்தார். நான் தேங்காயெண்ணெயில் இரண்டு துளி கலந்து அவருடைய இரு கன்னப்பொறியிலும் பூசிவிட்டேன். கொஞ்ச நேரத்தில் அவர் எழுந்து, "தலைக்குள்ள காத்து வந்த மாதிரி இரிக்கு மகள்" என்றார். உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் எனக்குப் பெருமை தாங்கவில்லை.

உள்ளே அவருடைய பேரக்குழந்தை அழுதுகொண்டிருந்தது. ஏழு மாதம். மூக்கடைத்துப் பால் குடிக்க முடியாமல் தவித்தது. நான் அதே போத்தலைத் திறந்து, விரல் நுனியில் தொட்டு, குழந்தையின் மூக்கின் கீழே வைத்தேன்.

அழுகை நின்றது. ஆனால் அது சுகம் கிடைத்து நின்ற அழுகை அல்ல. வாய் திறந்தபடி இருந்தது; மூச்சுச் சத்தம் இல்லை; முகம் சிவந்தது. சில விநாடிகள்தான் இருக்கும். குழந்தையின் தாய் பறித்தெடுத்து முதுகைத் தடவ, ஒரு இருமலோடு மூச்சு வந்தது. உடனே ஓட்டோவில் வைத்தியசாலைக்கு ஓடினோம். அஸர் நேரம் வரை குழந்தையைக் கவனிப்பில் வைத்திருந்து அனுப்பினார்கள். அல்ஹம்துலில்லாஹ், ஒன்றும் ஆகவில்லை.

அங்கிருந்த டாக்டர் கோபப்படவில்லை. "மூக்கில என்ன பூசினீங்க?" என்று மட்டும் கேட்டார். பிறகு விளக்கினார். மெந்தோலின் கடும் குளிர் மூக்கில் பட்டால், கைக்குழந்தைகளின் குரல்வளை திடீரென இறுகிவிடலாம். மூச்சு தற்காலிகமாக நின்றுவிடலாம். அதனால்தான் இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குப் பெப்பர்மின்ட் எண்ணெயைப் பாவிக்கவே கூடாது என்று ஐரோப்பிய மருந்து முகவரகமும் சொல்கிறது.

திரும்பி வரும்போது அந்த வீட்டுப் பெரியம்மா என் தோளில் கை வைத்து, "நாங்களும் எங்கட பிள்ளைகளுக்கு இப்பிடித்தான் மகள் பூசினது. நீ நல்லதுக்குத்தானே செய்தாய்" என்றார். அந்த வார்த்தை எனக்கு ஆறுதலாக இருக்கவில்லை. நிய்யத் நல்லதாக இருக்க வேண்டும் என்று சிறுவயதிலிருந்து படிக்கிறோம். ஆனால் ஒரு குழந்தையின் தொண்டைக்கு என் நிய்யத் தெரியாது. நல்லது செய்ய விரும்புகிறவளுக்கு அதைப் பற்றிய அறிவும் கடமைதான் என்று அன்று புரிந்தது.

அதன் பிறகு தேடி வாசித்தேன். முதலில் தெரிந்துகொண்டது, அந்தக் குளிர் உண்மையான குளிர் அல்ல என்பது. நம் தோலிலும் மூக்கிலும் குளிரை உணரும் நரம்பு முனைகள் உண்டு. அவற்றில் ஒரு வாங்கி இருக்கிறது. குளிர் பட்டால் அது திறக்கும். மெந்தோல் பட்டாலும் அதே மாதிரித் திறக்கும். அதனால் சூடு குறையாமலே மூளைக்குக் 'குளிர்' என்று செய்தி போகிறது. 2002இல் இதை டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் பட்டபூட்டியன் ஆகிய இருவரும் தனித்தனியே கண்டறிந்தார்கள். சூட்டையும் தொடுகையையும் உடல் எப்படி உணர்கிறது என்ற ஆய்வுகளுக்காக 2021இல் மருத்துவ நொபெல் பரிசு அவர்கள் இருவருக்கும் கிடைத்தது. தடிமனில் தைலத்தை முகர்ந்தால் மூக்குத் திறந்தது போல இருப்பதும் இப்படித்தான். காற்று போகும் வழி முன்பு எவ்வளவு அடைத்திருந்ததோ அவ்வளவுதான் இருக்கும்; உணர்வு மட்டுமே மாறும்.

அப்படியானால் இந்த எண்ணெய் வெறும் ஏமாற்றா? இல்லை. சில இடங்களில் உணர்வை மாற்றுவதே போதுமான வைத்தியம். 1996இல் ஜேர்மனியில் வெளியான ஒரு ஆய்வில், பத்து வீதப் பெப்பர்மின்ட் எண்ணெய்க் கரைசலை நெற்றியில் பூசியவர்களுக்கு, இறுக்கத்தால் வரும் தலையிடி 1000 மில்லிகிராம் பரசிட்டமோல் எடுத்தவர்களைப் போலவே குறைந்தது. குடலில் கரையும் வில்லையாகக் கொடுத்தால், குடலின் தசை இறுக்கத்தைத் தளர்த்தி வயிற்றுப் பிடிப்பைக் குறைக்கிறது. இதை டாக்டர்மார் இன்று எழுதிக் கொடுக்கிறார்கள். பெரியப்பாவின் தலையிடி தணிந்ததும் பொய்யல்ல. ஒரே காலையில், ஒரே கை, ஒரே போத்தல். ஒருவருக்கு மருந்து, இன்னொருவருக்கு ஆபத்து.

இதை உம்மம்மாவிடம் சொன்னபோது, "நாங்க எத்தனை பிள்ளை வளத்தம், ஒண்டும் ஆகல்லையே" என்றார். உம்மம்மா சொன்னது சரி. ஆனால் அவர்கள் வளர்த்த காலத்தில் கையில் இருந்தது கொத்தமல்லி, இஞ்சி, நொச்சி இலை, ஒரு பிடி புதினா. இந்தப் போத்தல் வேறு சாமான். நூறு கிலோ பச்சைப் பெப்பர்மின்ட் இலையை வடித்தாலும் அரைக் கிலோ எண்ணெய் தேறுவது கடினம். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன்: ஒரு துளி எண்ணெய் என்றால் ஏறத்தாழ பத்துக் கிராம் பச்சை இலையின் சாரம். ராத்தாவின் புடிங்கில் விழுந்தது ஒரு கட்டு இலை! அந்த எண்ணெயில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை மெந்தோல்தான். போத்தலில் இருந்த 'நூறு வீதம் தூய்மை' என்ற வாசகத்தை 'நூறு வீதம் பாதுகாப்பு' என்று நாங்கள் வாசித்துவிட்டோம். உண்மையில் அது 'இதில் ஒன்றும் கலந்து ஐதாக்கவில்லை, கவனம்' என்ற எச்சரிக்கை.

வடித்தெடுக்கும் கலை நமக்குப் புதிதல்ல. 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல்கிந்தி, வாசனைத் திரவியங்களையும் வடித்தலையும் பற்றித் தனி நூலே எழுதினார். இன்று நாம் பூசும் பல தைலங்களின் மெந்தோல் இந்தியாவின் உத்தரப் பிரதேசத்தில் பாராபங்கி போன்ற மாவட்டங்களின் புதினா வயல்களிலிருந்து வருகிறது. அது பெப்பர்மின்ட்டின் உறவான வேறொரு புதினா. எந்தச் செடியிலிருந்து வந்தாலும் மெந்தோல் மெந்தோல்தான். ஆகவே நான் சொல்வது இந்த ஒரு போத்தலுக்கு மட்டுமல்ல, வீட்டிலுள்ள எல்லாத் தைலங்களுக்கும் பொருந்தும்.

சமையலைப் பற்றியும் என் கருத்தைச் சொல்கிறேன். சமையலுக்கு இலையே போதும். புதினாச் சம்பலுக்கும் புரியாணிக்கும் இலை தரும் ருசியை எண்ணெய் தராது. எண்ணெய் தண்ணீரில் கரையாது. தேத்தண்ணியில் விட்ட துளி மேலே மிதந்து, முதல் மிடறிலேயே உதட்டையும் நாக்கையும் சுடும். முகர்வதற்கும் பூசுவதற்கும் விற்கும் எண்ணெய் சாப்பாட்டுக்கு உரியதும் அல்ல. இனிப்புக்குக் கடையில் விற்கும் பெப்பர்மின்ட் எசென்ஸ் வேறு. ஆனால் எசென்ஸ்கள் பலவற்றில் எண்ணெயை அல்கஹோலில்தான் கரைத்திருப்பார்கள். வாங்கும்போது லேபிளை வாசிக்க வேண்டியது நம் பொறுப்பு. நோன்பு திறந்த பின் வயிறு பொருமினால், நாலைந்து புதினா இலையைச் சுடுதண்ணீரில் ஊறவைத்துக் குடியுங்கள். மொரோக்கோவிலும் அரபு நாடுகளிலும் 'நஃனா' போட்ட தேநீர் தினசரிப் பானம். நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு மட்டும் அது கூடாது. இரைப்பையின் வாயிலையும் புதினா தளர்த்துவதால் எரிச்சல் கூடும்.

புதினாவுக்கு ஒரு பழைய வாளி போதும். நம் கரையோர மணல் உப்புப் பிடித்தது. அதில் நேரே நட்டால் வாடும். வாளியில் நல்ல மண்ணும் சாணமும் போட்டு, சந்தையில் வாங்கிய கட்டிலிருந்து இரண்டு தண்டை ஊன்றி, அரை நிழலில் ஈரம் காயாமல் வைத்தால் தளிர்க்கும். பெரியம்மாவின் கிணற்றடியிலும் இப்போது ஒரு வாளி இருக்கிறது. தண்டு கொண்டுபோய்க் கொடுத்தது நான்தான்.

எல்லாவற்றையும்விட நான் பயப்படுவது வேறொன்றுக்கு. தைலம் வலியை மறைக்கும். வலியின் காரணத்தை மறைக்கக் கூடாது. பரீட்சைக் காலத்தில் நம்மில் பலர் நெற்றியில் பூசிக்கொண்டு நள்ளிரவு வரை படிக்கிறோம். காலைச் சாப்பாடு இல்லாததாலும், தூக்கம் இல்லாததாலும், கண்ணாடி தேவைப்படுவதாலும் வரும் தலையிடிக்குத் தைலம் எப்படி மருந்தாகும்? நம் வாப்பாமார் நெஞ்சு நோ வந்தால், "வாய்வு" என்று சொல்லித் தைலம் தடவிக்கொண்டு படுத்துவிடுகிறார்கள். வாகரை போன்ற தூரத்து ஊர்களில், பெரிய வைத்தியசாலைக்குப் போக வேண்டிய நேரத்தின் பாதி இந்தத் தடவலிலேயே போய்விடுகிறது. நெஞ்சு நோவும், மூச்சுத் திணறலும், விடாத காய்ச்சலும் தைலத்துக்கு உரியவை அல்ல.

ஆகவே தோழியரே, பெற்றோரே, எங்கள் வீட்டில் இப்போது நடைமுறையில் உள்ளதைச் சொல்கிறேன். போத்தல் சின்னப்பிள்ளைகளின் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது. பெரியவர்களுக்கு மட்டும், ஒரு தேக்கரண்டி தேங்காயெண்ணெய்க்கு இரண்டு துளி. கண்ணுக்கு அருகில் வேண்டாம். பூசிய கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிய பிறகே பிள்ளையைத் தூக்குகிறோம். கைக்குழந்தைக்குத் தடிமன் என்றால் தாய்ப்பாலை அடிக்கடி கொடுத்து, தலையைச் சற்று உயர்த்திப் பிடித்து, கிளினிக்கில் தரும் உப்புநீர்ச் சொட்டைப் பாவிக்கிறோம். பால் குடிக்க முடியாவிட்டாலோ நெஞ்சு இழுத்தாலோ தாமதிக்காமல் வைத்தியசாலை. பிள்ளை தைலத்தை விழுங்கிவிட்டால் கக்க வைக்காமல், போத்தலையும் கையில் எடுத்துக்கொண்டு ஓட வேண்டும். கற்பூரம் கலந்த தைலம் சிறு பிள்ளைகளுக்கு வலிப்பை உண்டாக்கக் கூடியது.

சென்ற மாதம் வாப்பாவோடு மறுபடி வாகரைக்குப் போனேன். குழந்தை இப்போது சுவரைப் பிடித்து நடக்கிறது. என்னைக் கண்டதும் கையை நீட்டித் தூக்கச் சொன்னது. நான் முதலில் கிணற்றடிக்குப் போய்க் கையைக் கழுவிவிட்டு வந்தேன். பெரியம்மா பார்த்துச் சிரித்தார். பிறகு அந்த வாளியிலிருந்து நாலு புதினா இலையைக் கிள்ளிப் போட்டு எங்கள் எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றினார்.