ஏற்றத்தில் தெரியும் டீசல்

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்குக் காரில் போகிறவர்கள் பலருக்கு அது ஏற்றச் சாலை என்றே தோன்றாது. கிருஷ்ணகிரி கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஓசூர் 900 மீட்டரை நெருங்குகிறது. ஐம்பது கிலோமீட்டருக்குள் நானூறு மீட்டருக்குப் பக்கமாக ஏறுகிறோம். பழுதான காரையோ, ஏர் கம்ப்ரசரையோ, சக்கரம் பூட்டிய ஜெனரேட்டரையோ பின்னால் கட்டி இழுத்து வரும் பிக்கப் ஓட்டுநருக்கு மட்டும் இந்த நானூறு மீட்டரும் காலில் தெரியும். ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தும் வண்டி மூச்சு வாங்கும். சூளகிரிக்கு முன்னாலேயே "புல்லிங் இல்லண்ணா" என்று ஓரம் கட்டுவார்.

இந்த வட்டாரத்தில் இழுவைக்குப் பஞ்சமில்லை. பெங்களூரிலிருந்து வரும் நெடுஞ்சாலை கிருஷ்ணகிரியில் இரண்டாகப் பிரிகிறது. 44-ஆம் எண் சாலை சேலம் வழியாகக் கன்னியாகுமரிக்கும், 48-ஆம் எண் சாலை சென்னைக்கும் போகின்றன. இரண்டிலும் இரவு பகலாக வண்டிகள் ஓடுவதால் வழியில் நிற்கும் வண்டிகளும் அதிகம். தொப்பூர் கணவாயில் நின்றுபோன காரைத் தருமபுரிப் பக்கம் ஏற்றிக்கொண்டு வர வேண்டும். கிரானைட் குவாரிகளுக்குக் கம்ப்ரசரை இழுத்துப் போக வேண்டும். மாம்பழக் காலத்தில் கூழ் ஆலைகளுக்கு வாடகை ஜெனரேட்டர் போகும். பெரிய லாரி தேவைப்படாத இந்த வேலைகளையெல்லாம் பிக்கப்கள்தான் செய்கின்றன. பெரும்பாலானவை ஒரே ஆளுக்குச் சொந்தமானவை. ஓட்டுவதும் அவரே, மாதத் தவணை கட்டுவதும் அவரே.

அவர்களில் சிலரோடு எனக்கு நெடுநாள் பழக்கம். வண்டியில் இழுவை குறைந்தால் அவர்கள் முதலில் சந்தேகப்படுவது கிளட்சையும் டர்போவையும்தான். டீசல் ஃபில்டர் கடைசியில்தான் நினைவுக்கு வருகிறது. முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான் என்பதைச் சொல்லத்தான் இந்த வாரம் எழுதுகிறேன்.

காலியாகச் சமதளத்தில் ஓடும் வண்டிக்குத் தேவைப்படும் டீசலைப் போல இரண்டு மூன்று மடங்கு, சுமை இழுத்துக்கொண்டு ஏற்றம் ஏறும் வண்டிக்குத் தேவை. பாதி அடைத்த ஃபில்டர் சமதளத்தின் தேவைக்குப் போதுமான டீசலை விட்டுவிடும். அதனால் ஊருக்குள் ஓட்டும்போது குறை எதுவும் தெரியாது. ஏற்றம் வந்ததும் இன்ஜின் கேட்கும் அளவை அதனால் கொடுக்க முடியாது. கம்ப்யூட்டர் உள்ள வண்டியென்றால் அழுத்தம் குறைவதை உணர்ந்து, மஞ்சள் விளக்கைப் போட்டு, வேகத்தைத் தானே மட்டுப்படுத்திவிடும். இரண்டு டன் சுமையைப் பின்னால் வைத்துக்கொண்டு, லாரிகள் நெருக்கும் ஏற்றத்தில் வண்டி இப்படிச் சுணங்குவது உயிருக்கே ஆபத்து.

பழைய வண்டிகளில் இந்தத் தொல்லை இவ்வளவு இல்லை என்று வயதான மெக்கானிக்குகள் சொல்வது சரிதான். 1951-இல் தொடங்கிய மைக்கோ நிறுவனம் (2008 முதல் அதன் பெயர் பாஷ்) பெங்களூர் ஆடுகோடி ஆலையில் செய்த பம்புகள்தான் இந்தப் பக்கத்து லாரிகளிலும் டிராக்டர்களிலும் நிறைந்திருந்தன. அவற்றில் இரண்டு ஃபில்டர்கள் அடுத்தடுத்து இருக்கும். முதலில் துணி ஃபில்டர், பிறகு பேப்பர் ஃபில்டர். பல டிராக்டர்களில் அவற்றுக்கும் முன்னால் ஒரு கண்ணாடிக் கிண்ணம் இருக்கும். அடியில் தண்ணீர் தேங்கினால் கண்ணுக்கே தெரியும், திருகைத் தளர்த்தி வடித்துவிடலாம். நாசில் திறக்கும் அழுத்தமும் 200 பார் அளவில்தான். கொஞ்சம் தூசி போனாலும் புகையைக் கக்கிக்கொண்டு வண்டி ஊர் வந்து சேர்ந்துவிடும்.

இன்றைய காமன் ரெயில் இன்ஜினில் டீசல் 1,600 பார் அழுத்தத்தில் நிற்கிறது. சிலவற்றில் 2,000 பாரையும் தாண்டும். இன்ஜெக்டருக்குள் நகரும் பாகங்களுக்கு நடுவே உள்ள இடைவெளி சில மைக்ரான்கள்தான். நம் தலைமுடி ஒன்றின் தடிமன் ஏறக்குறைய 70 மைக்ரான் என்பதை நினைத்துக்கொண்டால் இந்த அளவு பிடிபடும். அந்த இடைவெளியில் நுழையும் தூசி, கண்ணுக்கே தெரியாத தூசி. குவாரிச் சாலையில் பறக்கும் கிரானைட் தூளில் குவார்ட்ஸ் இருக்கிறது. கடினப்படுத்திய எஃகையும் அது சுரண்டும். அந்த அழுத்தத்தில் அது ஓடும் இடமெல்லாம் அரிப்பு விழும். அரித்த இன்ஜெக்டர் சொட்டும். சொட்டினால் கரி கூடும். பிஎஸ்-6 வண்டியில் புகைக்குழாயிலுள்ள கரி வடிகட்டி அடைக்கும். முற்றினால் பிஸ்டன் தலையே உருகும். ஒரு இன்ஜெக்டர் மாற்றும் செலவில் பல வருடத்துக்கான ஃபில்டர்களை வாங்கிவிடலாம்.

டீசலில் அழுக்கு எங்கிருந்து வருகிறது? பங்கில் வாங்கும் டீசலிலேயே கொஞ்சம் இருக்கலாம் என்று விதியே சொல்கிறது. பிஎஸ்-6 டீசலில் ஒரு கிலோவுக்கு 200 மில்லிகிராம் வரை தண்ணீரும், 24 மில்லிகிராம் வரை திடமான அழுக்கும் இருக்கலாம். அறுபது லிட்டர் தொட்டி என்றால் ஏறக்குறைய 50 கிலோ டீசல். அதில் 10 கிராம் தண்ணீரும் ஒரு கிராமுக்குச் சற்றே மேல் அழுக்கும் இருந்தாலும் அது தரமான டீசல்தான். இது உச்சவரம்பு, எல்லா லோடும் இப்படி வருவதில்லை. ஆனால் மாதக்கணக்கில் தொட்டியில் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை இதை வைத்துக் கணக்குப் போடலாம்.

இதற்கு மேல் நாமாகச் சேர்ப்பதுதான் அதிகம். கர்நாடக எல்லையை ஒட்டிய நம் பகுதியில் இதற்குத் தனிக் காரணம் இருந்தது. 2021 நவம்பரில் மத்திய அரசு டீசலுக்கான கலால் வரியை லிட்டருக்கு 10 ரூபாய் குறைத்தபோது, கர்நாடகமும் தன் பங்குக்கு 7 ரூபாய் குறைத்தது. அதன்பின் எல்லைக்கு அப்பால் அத்திப்பள்ளிப் பக்கத்து பங்குகளில் டீசல் நம் பக்கத்தைவிட நன்றாகவே மலிவாகக் கிடைத்தது. எல்லையிலுள்ள ஜூஜூவாடியைத் தாண்டிப் போய் தொட்டியை நிரப்பியதோடு, கேனிலும் பேரலிலும் வாங்கி வந்து ஷெட்டில் வைக்கும் பழக்கமும் பரவியது. 2024 ஜூனிலும் 2025 ஏப்ரலிலும் கர்நாடகம் வரியை உயர்த்தியதில் விலை வித்தியாசம் பெரிதும் சுருங்கிவிட்டது, பேரல் மட்டும் ஷெட்டை விட்டுப் போகவில்லை. நேற்று எண்ணெயோ ரசாயனமோ இருந்த பேரல், மூடியில்லாத கேன், தரையில் கிடந்த ஹோஸ், கைப்பம்பு: டீசல் இத்தனையையும் கடந்துதான் தொட்டிக்கு வருகிறது. டீசலின் தரத்தில் குற்றம் சொல்வதற்கு முன் இந்த வழியை ஒருமுறை நடந்து பார்க்க வேண்டும்.

தண்ணீர் சேர்வதில் ஓசூரின் குளிருக்கும் பங்குண்டு. காமன் ரெயில் பம்ப் தேவைக்கு அதிகமாக டீசலை இழுத்து, மிஞ்சியதைச் சூடாகத் தொட்டிக்கே திருப்பி அனுப்புகிறது. சுமை இழுக்கும் வண்டியில் இன்ஜின் அறையின் சூடும் சேர்ந்து அது இன்னும் கொதிப்பாகத் திரும்பும். சூடான டீசலில் கூடுதலாகத் தண்ணீர் கரையும். இரவில் வண்டி குளிர்ந்ததும் கரைந்தது பிரிந்து அடியில் இறங்கும். பாதித் தொட்டியோடு நிறுத்தினால் மேலே உள்ள காற்றின் ஈரமும் சுவரில் வேர்த்து வழியும். தண்ணீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் கிருமிகள் பெருகிக் கறுப்பான வழுவழுப்பை உண்டாக்கும். எனவே வேலை முடிந்து நிறுத்தும் முன் தொட்டியை நிரப்புவதும், காலையில் ஸ்டார்ட் செய்யும் முன் ஃபில்டரின் அடித் திருகைத் திறந்து வடிப்பதும் நல்ல பழக்கம். இரவெல்லாம் அசையாமல் நின்றதால் தண்ணீர் அப்போது அடியில் இருக்கும். வண்டி ஓடிக் கலங்கியபின் வடித்தால் டீசல்தான் வரும்.

இனி ஃபில்டரை மேம்படுத்துவது பற்றி. கம்பெனி போட்ட ஃபில்டரைக் கழற்றி எறிந்துவிட்டு வேறொன்றைப் பொருத்துவதை நான் ஆதரிக்கவில்லை. அது இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும். தொட்டிக்கும் அதற்கும் நடுவே, தண்ணீர் பிரிக்கும் கிண்ணத்தோடு கூடிய ஒரு முன் ஃபில்டரைச் சேர்ப்பதுதான் சரியான வழி. 10 அல்லது 30 மைக்ரான் அளவில் பெரிய அழுக்கையும் தண்ணீரையும் அது பிடித்துக்கொள்ளட்டும், நுண்ணிய தூசியைக் கம்பெனி ஃபில்டர் பார்த்துக்கொள்ளும். முன்னாலேயே 2 மைக்ரான் போட்டால் இன்னும் சுத்தம் என்று சிலர் நினைக்கிறார்கள். அது சீக்கிரமே அடைத்து, எந்த ஏற்றத்துக்காகச் செலவு செய்தோமோ அதே ஏற்றத்தில் வண்டியை நிறுத்தும்.

டப்பாவில் அச்சிட்டிருக்கும் மைக்ரான் எண்ணை மட்டும் நம்பி வாங்கக் கூடாது. அந்த அளவுத் துகளில் எத்தனை பங்கைப் பிடிக்கிறது என்பதுதான் கேள்வி. பீட்டா என்ற எண் அதைச் சொல்லும். பீட்டா 2 என்றால் பாதியைத்தான் பிடிக்கிறது, 75 என்றால் நூற்றில் 98.7-ஐப் பிடிக்கிறது, 1,000 என்றால் 99.9. இந்த மூன்று வகை ஃபில்டர்களிலும் "10 மைக்ரான்" என்றே எழுதியிருக்கலாம். பீட்டா எண்ணைச் சொல்ல முடியாத கடையில் நான் வாங்கச் சொல்ல மாட்டேன்.

அடுத்தது கொள்ளளவு. இன்ஜின் எரிக்கும் டீசலை வைத்துக் கணக்கிடக் கூடாது, திரும்பிப் போவதையும் சேர்த்துப் பம்ப் இழுக்கும் மொத்த டீசலை வைத்துக் கணக்கிட வேண்டும். சிறிய ஃபில்டர் போட்டால் பம்ப் உறிஞ்சத் திணறும், டீசலில் குமிழி விழும். டீசலே எண்ணெயாக நின்று காக்கும் பம்ப் அது, குமிழி வந்தால் உலோகம் உலோகத்தோடு உரசும். புதிய ஃபில்டர் என்றாலே புதிய இணைப்புகளும் வருகின்றன. ஒவ்வொரு ஹோஸ் கிளிப்பும் காற்று நுழையக்கூடிய இடம். தொட்டியிலிருந்து உறிஞ்சும் பாதை என்பதால் டீசல் வெளியே கசியாமலேயே காற்று உள்ளே வரும், கண்டுபிடிப்பது கடினம். டீசலுக்கென்றே செய்த ஹோஸைப் போடுங்கள், தோட்டத்துக் குழாய் வேண்டாம். சேஸிஸ் ஓரமாக, சக்கரம் கல்லை வாரி அடிக்காத இடத்தில், புகைக்குழாயிலிருந்து தள்ளிப் பொருத்தச் சொல்லுங்கள். கிண்ணம் கண்ணில் படுகிற உயரத்தில் இருந்தால்தான் ஓட்டுநர் பார்ப்பார். வாரண்டி இருக்கும் வண்டி என்றால், கை வைக்கும் முன் சர்வீஸ் சென்டரில் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்றைச் சற்றுக் கடுமையாகவே சொல்கிறேன். ஃபில்டர் மாற்றும்போது புதியதில் கேனிலிருந்து டீசலை ஊற்றி நிரப்பிப் பூட்டுவது நம் பட்டறைகளில் ஊறிய வழக்கம். சீக்கிரம் ஸ்டார்ட் ஆகும், ஏர் எடுக்கும் நேரம் மிச்சம். ஆனால் நடுத்துளை வழியாக ஊற்றும் டீசல் வடிகட்டாமல் நேராகப் பம்புக்குப் போகிறது. மைக்கோ பம்ப் பொறுத்துக்கொண்டது, காமன் ரெயில் பொறுக்காது. காலியாகவே பூட்டி, வண்டியிலேயே உள்ள கைப்பம்பை அழுத்தித்தான் நிரப்ப வேண்டும். பாகலூர் சாலையில் ஒரு மெக்கானிக்கிடம் இதைச் சொன்னபோது, "பத்து நிமிஷம் ஆகும் சார், வண்டிக்காரர் அவசரப்படுத்துவாரு" என்றார். அந்தப் பத்து நிமிடத்தை நாம்தான் அவருக்குக் கொடுக்க வேண்டும். ஃபில்டரில் தண்ணீர் சேர்ந்தால் மீட்டரில் எரியும் விளக்கிலும் இதே அவசரம்தான். தொந்தரவு என்று அதன் ஒயரைப் பிடுங்கிவிட்ட வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். வண்டியின் உரிமையாளர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை, அந்த விளக்கு எதற்கு என்று வண்டி வாங்கிய நாளில் அவருக்கு யாரும் சொல்லித் தராததுதான் வருத்தம்.

ஓசூர் வண்டி செய்யும் ஊர். அசோக் லேலண்டின் ஆலை 1980 முதல் இங்கே இருக்கிறது, 2011-இல் வந்த தோஸ்த் பிக்கப்பும் இங்கே உருவானதுதான். பெரிய லாரிகளுக்குத் தண்ணீர் பிரிக்கும் முன் ஃபில்டரும் முதன்மை ஃபில்டருமாகப் பெரும்பாலும் இரண்டு கிடைக்கின்றன. பிக்கப்புக்குப் பெரும்பாலும் ஒன்றுதான். சந்தைக்குத் தக்காளி ஏற்றும் வண்டிக்கு அது போதும். குவாரிக்கும் இழுவைக்கும் போகும் வண்டிக்கு, வாங்கும்போதே கேட்டுப் பெறக்கூடிய தேர்வாக இரண்டாவது ஃபில்டரைத் தயாரிப்பாளர்கள் எல்லாரும் தர வேண்டும். வாரண்டிச் சிக்கலும் இருக்காது, பட்டறையில் ஊகத்தில் பொருத்துவதும் குறையும். சர்வீஸ் புத்தகத்தில் உள்ள கிலோமீட்டர் கணக்கும் சாதாரண ஓட்டத்துக்கானது. இழுவை வண்டிக்கு அதில் பாதியில் மாற்றிவிடுவது நல்லது.

கழற்றிய பழைய ஃபில்டரை உடனே குப்பையில் போடாதீர்கள். டீசலை வடித்துவிட்டு, மெக்கானிக்கிடம் சொல்லி அறுத்துத் தாளை விரித்துப் பாருங்கள். பழுப்பாக இருந்தால் துரு, தொட்டியையோ பேரலையோ கவனிக்க வேண்டும். கறுத்து வழுவழுவென்றிருந்தால் கிருமி, தொட்டியை இறக்கிக் கழுவ வேண்டும். மடிப்புகளுக்குள் வெள்ளியாக மின்னும் துகள் இருந்தால் பம்ப் உள்ளே தேய்ந்து, அந்த உலோகம் தொட்டிக்குத் திரும்பி வந்திருக்கிறது என்று பொருள். அப்படியானால் புது ஃபில்டர் போட்டு ஓட்டிப் பார்க்கலாம் என்று நினைக்காமல், வண்டியை அங்கேயே நிறுத்திவிட்டு டீசல் பம்ப் வேலை தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.