அம்மம்மாவுக்குப் பின்னால் எந்தத் துணி?

போன மாதம் அம்மம்மா தேத்தண்ணி குடிச்சுக்கொண்டே சொன்னா: "பிள்ளை, எனக்கு ஒரு நல்ல படம் எடுத்து வை. பிறகு தேவைப்படும்." எதுக்கு எண்டு நான் கேக்கேல்லை. எங்கட வீடுகளில் மாலை போட்டுத் தொங்குகிற படங்கள் பல, கலியாண வீட்டுப் படத்தில் இருந்து வெட்டிப் பெருப்பித்தவைதானே.

முதலில் வெள்ளைப் படுக்கை விரிப்பைக் கட்டினேன். சுருக்கமெல்லாம் கோடாய் விழுந்தது. அம்மம்மாவின் முகமும் இருண்டுபோனது. சுற்றிவர வெள்ளை இருந்தால், வெளிச்சம் கூடிவிட்டது என்று கமெரா படத்தையே இருட்டாக்கிவிடும். எங்கட நிறத்துக்கு இது பெரிய தொல்லை. கைபேசியில் முகத்தைத் தொட்டு, வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டிவிட்டு எடுங்கோ.

பிறகுதான் மற்றத் துணிகளைத் தேடினேன். வினைல் துடைக்கச் சுகம், குழந்தைகள் உள்ள வீட்டுக்கு உதவும். ஆனால் வெளிச்சம் பட்டால் மினுங்கும். கடதாசிச் சுருளில் சுருக்கமே வராது. 1.35 மீற்றர் அகலச் சுருள் ஒருவரை இருத்தி எடுக்கக் காணும், குடும்பத்துக்கு 2.72 மீற்றர் வேணும். அழுக்கானால் அந்தத் துண்டை வெட்டி எறியலாம், ஆனால் மடித்து வைக்க ஏலாது. கறுப்பு வெல்வெட் வெளிச்சத்தைக் குடித்துவிடும், நரைமுடி எடுப்பாய்த் தெரியும். அதைப் பார்த்த அம்மம்மா, "செத்த வீடு மாதிரிக் கிடக்கு, கழட்டு" எண்டு சொல்லிப்போட்டா.

கடைசியில் சாம்பல் நிற மஸ்லின் வாங்கினேன். பருத்தித் துணி, மடித்து அலுமாரியில் வைக்கலாம். நீராவி இஸ்திரி போட்டு, அம்மம்மாவைத் துணியில் இருந்து 2 மீற்றர் முன்னுக்கு, யன்னல் பக்கமாய் இருத்தினேன். நிழல் துணியில் விழவில்லை. மிச்சச் சுருக்கமும் மங்கிவிட்டது.

"பின்னுக்குப் பூந்தோட்டம் இல்லையோ?" எண்டு கேட்டா. அவவின்ர அம்மாவை யாழ்ப்பாணத்து ஸ்ரூடியோவில், தூணும் பூவும் கீறின திரைக்கு முன்னால் நிறுத்தி எடுத்தவையாம். இடம்பெயர்ந்தபோது அந்த ஒரே படமும் போய்விட்டது. "முகம் இப்ப வடிவா ஞாபகம் வருதில்லை, பிள்ளை" எண்டா.

எட்டு வயது மகள் ஒன்றும் சொல்லாமல் போய் அம்மம்மாவின் மடியில் ஏறி இருந்தாள். அதையும் எடுத்தேன். இரண்டையும் அச்சடித்து, ஒவ்வொரு பிரதியைத் தம்பி வீட்டுக்கும் அனுப்பியிருக்கிறேன்.

உங்கட வீட்டில் யாருக்குப் படம் இல்லை? இந்த வார இறுதியில் யன்னல் பக்கம் ஒரு கதிரையைப் போடுங்கோ.