எழுத்தின் நடுவே வெட்டாதீர்கள்

சென்னையையும் அந்தமானையும் இணைக்கும் ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளக் கடலடி வடம் 2020 ஆகஸ்ட் 10 அன்று பயன்பாட்டுக்கு வந்தது. ஆயினும் போர்ட் பிளேயரில் நான் தொகுத்த தமிழ்ச் சொல்லாய்வுத் தரவு, ரங்கத்திலுள்ள நண்பருக்குப் பென்டிரைவில் கப்பலேறித்தான் சென்றது. கோப்பின் அளவு 6 ஜிபி. ஃபேட்32 முறையில் அமைந்த பென்டிரைவ் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பை ஏற்காது. நண்பரின் பழைய கணினியோ அதைத் திறக்கவே திறக்காது. எனவே 500 எம்பி வீதம் வெட்டினேன். பிழை அங்கே தொடங்கியது.

யுடிஎஃப்-8 குறியேற்றத்தில் தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட். ‘தமிழ்’ என்பது நம் கண்ணுக்கு 3 எழுத்து. கணினிக்கு 5 குறிகள், 15 பைட். பைட்டை மட்டும் எண்ணி வெட்டும் கருவிக்கு எழுத்தும் தெரியாது, சொல்லும் தெரியாது. தூய தமிழ்ப் பனுவலில் வெட்டு ஒரு குறியின் நடுவே விழ மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்புண்டு. அவ்வாறு உடைந்த துண்டுகளை நண்பரின் நிரல் ஓசையின்றி ஒதுக்கிவிட்டது. எஞ்சியவற்றை எண்ணி எழுந்த அட்டவணை என் ஆய்வேட்டில் ஏறியது. நெறியாளரின் ஒரே கேள்வியில் சரிந்தது. ஓர் இயல் முழுவதையும் மீண்டும் எழுதினேன்.

நினைவகம் மிகுந்த கணினி வாங்குக என்றனர் பலர். நான் உடன்படவில்லை. பத்து வரிப் பெர்ல் நிரல் போதும். (1987இல் அம்மொழியை வெளியிட்ட லாரி வால் மொழியியல் பயின்றவர் என்பதில் எனக்கொரு தனி மகிழ்ச்சி.) ‘ஃபார்ஈச்’ கொண்டு படித்தால் கோப்பு முழுவதும் நினைவகத்தில் ஏறும், ‘வைல்’ கொண்டு படித்தால் ஒரு வரி வரும், எழுதப்படும், நீங்கும். கோப்பு 60 ஜிபி ஆயினும் தேவைப்படும் நினைவகம் மிக நீண்ட வரியின் அளவைப் பொறுத்ததே. கோப்பு முழுவதுமே ஒற்றை வரியாக இருந்தால்? டாலரும் சாய்கோடும் சேர்ந்த சிறு மாறியில் பதிவின் முடிவுக் குறியைக் கொடுத்துவிடுக; பெர்ல் வரிக்கு மாறாகப் பதிவு பதிவாகப் படிக்கும். விக்கிப்பீடியாத் தரவில் ஒவ்வொரு கட்டுரையும் பக்க முடிவுக் குறியோடு நிறைவதால் அதுவே போதுமானது. 500 எம்பி எட்டியதும், கையிலுள்ள பதிவை முடித்த பின்னரே அடுத்த கோப்பைத் திறக்க வேண்டும்.

யூனிக்ஸின் ‘ஸ்பிளிட்’ கட்டளையும் வரியெண்ணி வெட்டும். ஆனால் கட்டுரை எங்கே முடிகிறதென்று அதற்குத் தெரியாது. இதனை முதுகலைத் தமிழ் வகுப்பிலேயே கற்பிக்க வேண்டும் என்பேன். அடியைச் சீராகவும் சீரை அசையாகவும் பிரிக்கத் தெரிந்த மாணவருக்கு இது கடினமன்று.

இம்முறை துண்டுகளை மீண்டும் ஒட்டி மூலத்தோடு ஒப்பிட்டுவிட்டேன். ஒரு பைட்டும் குறையவில்லை. ரங்கத்துக் கப்பல் நாளைக் காலை.