மருத்துவர் அறை அவையன்று

தமிழ் இலக்கணம் பயின்ற எவரும் இடக்கரடக்கலை அறிவர். தொல்காப்பியம் அதனை அவையல் கிளவி என்கிறது. நன்னூல் அதனை மங்கலத்தோடும் குழூஉக்குறியோடும் சேர்த்துத் தகுதி வழக்குள் வைக்கிறது. மலங்கழுவி வருதலைக் ‘கால் கழுவி வருதல்’ எனச் சொல்வது தலைமுறை தலைமுறையாக வகுப்பறையில் ஒப்பிக்கப்படும் எடுத்துக்காட்டு. விதியின் பெயரிலேயே அதன் எல்லையும் இருக்கிறது என்பதை மட்டும் வகுப்பறை சொல்லித் தருவதில்லை. அவையில் சொல்லத் தகாதது எதுவோ அதுவே அவையல் கிளவி. மருத்துவர் அறை அவையன்று. அவைக்குரிய நாணத்தை அந்த அறைக்குள்ளும் சுமந்து செல்கிற சமூகம் அதற்கான விலையை உடம்பால் கொடுக்கிறது.

அந்த விலையைத் தெளிவாகக் காட்டும் நோய் ஆசனவாய் வெடிப்பு. ஆசனவாயின் உட்புறத்தை மூடியிருக்கும் மெல்லிய தோலில் நீளவாக்கில் விழும் கிழிசல் அது. இறுகிய மலம் வெளியேறும்போது விழலாம். கடும் வயிற்றுப்போக்கிலும் மகப்பேற்றிலும் விழலாம். பெரும்பாலும் பின்புற நடுக்கோட்டில் அமையும். வலியுணர் நரம்புகள் செறிந்த தோல் என்பதால் கண்ணாடித் துண்டு கிழித்துச் செல்வது போன்ற வலி எழும். மலங்கழித்த பின்னும் மணிக்கணக்கில் நீடிக்கும். வலியால் உட்புறச் சுருக்குத்தசை இறுகுகிறது. இறுகிய தசை அவ்விடத்துக்குச் செல்லும் குருதியைக் குறைக்கிறது. குருதி குறைந்த புண் ஆறுவதில்லை. வலிக்கு அஞ்சி மலத்தை அடக்குவோருக்கு மலம் மேலும் இறுகி, அடுத்த முறை அதே புண்ணை மீண்டும் கிழிக்கிறது. சின்னஞ்சிறு கிழிசல் மாதக்கணக்கில் ஒருவரை ஆட்டிப்படைப்பது இப்படித்தான்.

இந்நோய்க்குத் தமிழர் நாவில் தனிப்பெயர் இல்லை. எல்லாம் ‘மூலம்’. பெங்களூரில் கன்னடம் பேசுவோருக்கு எல்லாம் ‘மூலவ்யாதி’. இரு சாராரும் சற்று நாகரிகமாகப் பேச விரும்பினால் எல்லாம் ‘பைல்ஸ்’. ஆனால் மூலம் வேறு நோய். ஆசனவாயிலுள்ள குருதிநாளத் திண்டுகள் புடைத்துச் சரிவதே மூலம்; உள்மூலம் பெரும்பாலும் வலியின்றிக் குருதி கசியும். பவுத்திரம் மூன்றாவது நோய். குதக்கால்வாயின் உட்புறத்துக்கும் வெளித்தோலுக்கும் இடையே சீழ் குடைந்த புழைவழி அது. பழைய வடமொழி மருத்துவ நூல்கள் அர்சஸ், பகந்தரம், பரிகர்த்திகை என மூன்று பெயர்களை வேறுபடுத்தியே ஆண்டன. அவற்றுள் பரிகர்த்திகை என்பது சுற்றிலும் வெட்டுவது போன்ற வலியைச் சுட்டும் சொல். நோயாளி உணர்வதையே பெயராக்கிய சொல். இன்றைய பேச்சுத்தமிழ் அந்த வேறுபாட்டைத் தொலைத்து நிற்கிறது.

பெயர் ஒன்றானால் என்ன, மருத்துவர் பார்த்தால் தெரிந்துவிடாதா என்று கேட்கலாம். மருத்துவரிடம் போனால்தானே பார்ப்பார்? தன் நோய்க்குத் தானே ‘பைல்ஸ்’ எனப் பெயரிட்டுக்கொண்டவர் மருந்துக் கடைக்குப் போகிறார். பைல்ஸ் களிம்பு வாங்குகிறார். ‘உடம்புச் சூடு’ என்று இளநீர் குடிக்கிறார். நாட்பட்ட வெடிப்பின் வெளிநுனியில் சிறு தோல்முடிச்சு ஒன்று வளர்வதுண்டு. ஆங்கில மருத்துவமே அதற்குக் ‘காவல் மூலம்’ என்று பொருள்படும் பெயரைச் சூட்டி வைத்திருக்கிறது! விரலில் அது தட்டுப்பட்டதும் நோயாளியின் ஐயம் உறுதியாகிவிடுகிறது. மலக்குடல் புற்றின் முதல் அறிகுறியும் குருதிக் கசிவாக இருக்கலாம் என்பது இதனினும் கொடியது. பக்கவாட்டில் அமைந்த வெடிப்பு காசநோய், குரோன் நோய் போன்றவற்றின் அடையாளமாக இருக்கலாம். ‘பைல்ஸ்தான்’ என்ற ஒற்றைச் சொல் இவையனைத்தையும் மூடி மறைத்துவிடுகிறது.

பெங்களூரில் இச்சிக்கல் மும்மடங்காகிறது. 1809இல் ஆங்கிலேயரின் தண்டு அமைந்த காலந்தொட்டு அல்சூரிலும் சிவாஜிநகர்ப் பகுதியிலும் தமிழர் வாழ்கின்றனர். இன்று கணினி வேலைக்கும் கட்டட வேலைக்கும் ஆய்வுப் பட்டத்துக்கும் வந்தோர் பல்லாயிரவர். இவர்களுள் ஒருவர் முதன்முறை அறுவை மருத்துவரிடம் செல்கிறார். வலியைத் தமிழில் உணர்கிறார். முன்மேசையில் கன்னடத்தில் விடை சொல்ல வேண்டும். மருத்துவர் ஆங்கிலத்தில் எழுதிக்கொள்கிறார். ‘மோஷன் ப்ராப்ளம்’ என்பதற்கு மேல் அவர் வாயில் எதுவும் எழுவதில்லை. பாத்ரூம், மோஷன், பைல்ஸ் ஆகியவை பிறமொழிச் சொற்கள் மட்டுமல்ல. அவையே இக்காலத்து இடக்கரடக்கல்கள். மலச்சிக்கலா, வயிற்றுப்போக்கா, வலியா, கசிவா என்பதெல்லாம் அந்த ‘மோஷனுக்குள்’ புதைந்து போகின்றன.

இதற்கு நோயாளியை மட்டும் பழிப்பது அறமாகாது. ஐம்பது பேர் காத்திருக்கும் கூடத்தில், சீட்டுக் கொடுக்குமிடத்தில், ‘என்ன தொந்தரவு?’ என்று உரக்கக் கேட்பது யார்? திரையில்லாத அறையில், அடுத்த நோயாளி வாயிற்படியில் நிற்க, முன்னவரைப் பேசச் சொல்வது யார்? அறையை அவையாக்கிவிட்டு, நோயாளி கூச்சப்படுகிறார் என்று சலித்துக்கொள்வது எந்த வகை நீதி? பல அவைகளில் அடக்கத்துக்குரிய சொல்லை ஒருவர் அடக்குவது அவரது பண்பாடு. அவர் பேசுவதற்கு அவையல்லாத ஓர் இடத்தை அமைத்துத் தருவது மருத்துவமனையின் கடமை.

மருத்துவமனை அந்த இடத்தைத் தராதபோது சுவரொட்டி தருகிறது. இந்நகரின் பேருந்து நிறுத்தங்களிலும் பொதுக் கழிப்பறைச் சுவர்களிலும் பைல்ஸ், பிஷர், பிஸ்டுலா என மூன்றையும் ஒரே மூச்சில் அடுக்கி, ‘ஆபரேஷன் இல்லாமல் நிரந்தரத் தீர்வு’ என்று கூவும் தாள்களைக் காணாதவர் இலர். கற்றோர் உச்சரிக்கக் கூசும் சொற்களைப் போலி மருத்துவர் கொட்டை எழுத்தில் அச்சிடுகிறார். வெட்கத்தில் நிற்பவருக்கு அவர் ஒருவரே வெளிப்படையாகப் பேசுபவராகத் தோன்றுகிறார். 1945ஆம் ஆண்டின் மருந்து விதிகள், மூலத்தையும் பவுத்திரத்தையும் குணப்படுத்துவதாக எந்த மருந்தும் உரிமை கோரலாகாது என ‘ஜே’ அட்டவணையில் விலக்கியுள்ளன. சட்டம் ஏட்டில் இருக்கிறது. தாள் சுவரில் இருக்கிறது. இடைவெளியை நிரப்புவது நம் மௌனம்.

முதல் சந்திப்பில் நடப்பதைத் தெரிந்துகொண்டாலே அச்சத்தின் பாதி விலகும். பொது அறுவை மருத்துவர் போதும். விக்டோரியா, பௌரிங் போன்ற அரசு மருத்துவமனைகளிலும் அப்பிரிவு உண்டு. மருத்துவர் முதலில் கேட்பார்: வலி எப்போது தொடங்குகிறது, எவ்வளவு நேரம் நீடிக்கிறது, குருதி சொட்டுகிறதா தாளில் படிகிறதா, எத்தனை வாரங்களாக? பிறகு இடப்பக்கமாகப் படுத்து முழங்கால்களை மடக்கச் சொல்வார். தோலை மெல்ல விலக்கிப் பார்த்தாலே பெரும்பாலான வெடிப்புகள் கண்ணுக்குத் தெரிந்துவிடும். கடும் வலி இருந்தால் விரல் சோதனையையும் கருவிச் சோதனையையும் பிறகு வைத்துக்கொள்ளலாம். வேண்டாம் என்று நோயாளி சொல்லலாம். ஆண் மருத்துவர் சோதிக்கும்போது மற்றொரு பெண் உடனிருக்க வேண்டும் எனக் கோரும் உரிமை பெண் நோயாளிக்கு உண்டு; தேசிய மனித உரிமை ஆணையம் 2018இல் உருவாக்கிய நோயாளர் உரிமைப் பட்டயம் அதனைச் சொல்கிறது.

சென்றவுடன் கத்தியை எடுப்பார்கள் என்பதும் வீண் அச்சம். புதிய வெடிப்புகளுள் ஏறத்தாழப் பாதி, நார்ச்சத்து, போதிய நீர், மலமிளக்கி, இடுப்பளவு வெந்நீரில் அமர்தல் ஆகியவற்றாலேயே ஆறிவிடும். ஆறாதவற்றுக்கு இறுகிய தசையைத் தளர்த்தும் களிம்புகள் உள்ளன. 2 விழுக்காடு டில்டியாசெம் அவற்றுள் ஒன்று. 6 முதல் 8 வாரங்களுக்கு மேல் நாட்பட்டு, எதற்கும் இணங்காத வெடிப்புக்கே சுருக்குத்தசையின் ஒரு பகுதியை வெட்டித் தளர்த்தும் சிறு அறுவை. பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அதனால் குணமடைகின்றனர். சிலருக்குக் காற்றை அடக்கும் ஆற்றல் குறையலாம் என்பதையும் மருத்துவர் முன்கூட்டியே சொல்ல வேண்டும். காலத்தே போனவருக்குக் களிம்போடு முடிவது, கூச்சத்தால் ஆறு மாதம் தள்ளிப்போட்டவருக்கு அறுவைவரை வருகிறது.

இவற்றையெல்லாம் தமிழில் பேச முடியாது என்பார் உளர். அவர்களுக்கு மானிப்பாயை நினைவூட்டலாம். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், ஆங்கில மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். உடற்கூற்றையும் அறுவை மருத்துவத்தையும் தமிழில் நூலாக்கினார். 19ஆம் நூற்றாண்டிலேயே அறுவை மருத்துவம் பேசிய மொழி, இன்று ஒரு கிழிசலைக் கிழிசல் என்று சொல்ல வாயடைத்து நிற்கிறதென்றால் குறை மொழியிலா, மொழியை வைத்துப் பிழைப்போரிடமா?

தமிழ்த்துறைகளும் மொழியியல் துறைகளும் விடை சொல்ல வேண்டிய இடம் இது. இடக்கரடக்கல் பற்றிக் கருத்தரங்கம் நடத்துகிறோம், கட்டுரை படிக்கிறோம், தொகுப்பு நூல் வெளியிடுகிறோம். கலைச்சொற்களை ஆயிரக்கணக்கில் ஆக்கி அகராதிக்குள் அடக்கம் செய்கிறோம். ‘ஆசனவாய் வெடிப்பு’ என்னும் நல்ல சொல் இருக்கிறது. அதை நோயாளியின் நாவுக்கும் மருத்துவரின் செவிக்கும் கொண்டுசேர்க்க எந்தத் துறை முயன்றது? திரைப்படத்தில் மூலத்தை வைத்து நகைச்சுவை வரும்போது சிரிப்பதோடு நம் களப்பணி முடிந்துவிடுகிறது.

செய்யக்கூடியது சிறியது. கன்னடம், தமிழ், உருது, தெலுங்கு ஆகிய நான்கு மொழிகளில், பத்துக் கேள்விகள் கொண்ட ஒரு தாள். வலி உண்டா, எவ்வளவு நேரம், குருதி உண்டா, எத்தனை வாரம் என மக்கள் வழங்கும் சொற்களிலேயே அமைந்த தாள். நோயாளி வாய் திறக்காமல் குறியிட்டு மருத்துவரிடம் நீட்டலாம். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு, மூடிய அறைக்குள் செவிலியர் ஒருவர் படித்துக் காட்டலாம். இதை ஆக்குவதற்குத் தேவையான வட்டார வழக்கறிவும் மொழிபெயர்ப்புப் பயிற்சியும் மொழியியல் மாணவரிடம் இருக்கின்றன. சரிபார்க்கும் அறிவு மருத்துவ மாணவரிடம் இருக்கிறது. ஒரு பருவத்தின் ஆய்வுப் பணிக்கு இது போதும். இதற்கு மதிப்பெண் தர மறுக்கும் துறை, மொழி மக்களுக்கானது என்று மேடையில் முழங்குவதை நிறுத்திக்கொள்ளட்டும்.