பெற்றோருக்குப் பின் எந்த வீடு?

முப்பது, நாற்பது வயது மகனைக் கையைப் பிடித்து ரேஷன் கடைக்கும் கோயிலுக்கும் அழைத்துச் செல்லும் கிழத் தாயை, தாராவியிலோ சயான் கோலிவாடாவிலோ வசிக்கும் தமிழர்கள் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. அந்தத் தாய்க்குச் சோறு, துணி, மருந்து பற்றிக்கூட அவ்வளவு கவலை இல்லை. தான் கண்ணை மூடிய பிறகு இவன் எந்தக் கூரையின்கீழ் படுப்பான் என்பதே கவலை. 2011-ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படி மனவளர்ச்சி குன்றியோர் நாடெங்கும் 15 லட்சத்துக்கு மேல். அவர்களைப் பெற்றவர்கள் அனைவருக்கும் உள்ள கவலை இது.

சட்டம் இவர்களை எப்போதும் ஆதரித்து வந்ததாகச் சொல்ல முடியாது. உடற்குறை உள்ளவர்களுக்கும் வாரிசுரிமை உண்டு என்று 1928-இல் வெள்ளையர் ஆட்சியில் ஒரு சட்டம் வந்தது. அதிலும் பிறவியிலேயே மதிவளர்ச்சி இல்லாதவர்களை மட்டும் வெளியே நிறுத்தினார்கள். 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம்தான் அந்த அநியாயத்தைத் துடைத்தது. நோயோ ஊனமோ எதுவும் ஒருவரின் வாரிசுரிமைக்குத் தடையாகாது என்று அதன் 28-ஆவது பிரிவு கூறுகிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, இன்னும் மேலே சென்றது. சொத்து வைத்திருக்கும் உரிமை, ஊராரோடு சேர்ந்து வாழும் உரிமை, அரசு வீட்டு ஒதுக்கீட்டுத் திட்டங்களில் 5 சதவீத இடம் ஆகிய அனைத்தும் அதில் உண்டு. 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு உள்ளதாகச் சான்று பெற்றவர்களுக்கு அந்த ஒதுக்கீடு பொருந்தும்.

நடைமுறையோ வேறு. தகப்பனார் உயில் எழுதாமல் காலமானால், அண்ணன் தம்பிகள் கூடிப் பேசி, அவனுக்கு எதற்குப் பங்கு, நாங்கள் பார்த்துக்கொள்ள மாட்டோமா என்று ஒரு முத்திரைத்தாளில் முடித்துவிடுகிறார்கள். சிலர் மெய்யாகவே பார்த்துக்கொள்கிறார்கள், மறுப்பதற்கில்லை. சிலர் வீட்டை விற்றுவிட்டு, தம்பியைத் திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத்தில் வயதான அத்தையிடம் கொண்டுபோய் விடுகிறார்கள். அத்தைக்குப் பிறகு யார் என்ற கேள்வியை அங்கே யாரும் கேட்பதில்லை.

தாராவி மறுசீரமைப்பு இந்தப் பிரச்சினையை அவசரமானதாக்கியிருக்கிறது. 2000-ஆம் ஆண்டு ஜனவரி 1-ஆம் தேதிக்கு முன்பிருந்து தரைத்தளத்தில் குடியிருப்போருக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு; மற்றவர்களுக்கு வெளியே என்பது அறிவிக்கப்பட்டுள்ள ஏற்பாடு. சதுர அடிக் கணக்கைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். ஆனால் மனவளர்ச்சி குன்றிய ஒருவருக்கு வீடு என்பது நான்கு சுவர் மட்டுமா? சந்து முனை டீக்கடைக்காரருக்கு அவரைத் தெரியும். வழி தவறிப் போனால் இட்லி மாவு விற்கும் அம்மாள் கூட்டிவந்து விடுவாள். குழாயடி, கோயில் மணி, எதிர் வீட்டுப் பச்சைக் கதவு ஆகியவற்றை அடையாளமாக வைத்தே இருபது வருஷமாக அவர் நடமாடுகிறார். அவரைத் தூக்கிப் பன்னிரண்டாவது மாடியில், எல்லாக் கதவும் ஒரே நிறமாக இருக்கும் தாழ்வாரத்தில் வைத்தால், லிப்டில் எந்தப் பொத்தானை அழுத்துவது என்று தெரியாமல் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடப்பார். புது இடத்திலும் பழைய அண்டை வீட்டாரோடு ஒரே கட்டடத்தில் கீழ்த்தளங்களில் இடம் கொடுப்பது பெரிய காரியமல்ல. பிரதமர் வீட்டுவசதித் திட்ட விதிகளே, மாற்றுத்திறனாளி உள்ள குடும்பத்துக்குத் தரைத்தளமோ கீழ்த்தளமோ தருவதை விரும்பத்தக்கதாகச் சொல்லியிருந்தன. தாராவிக்கு அது ஆகாதா?

ரயில்வே காலனிகளிலும் இதே கதைதான். சம்பாதிக்க இயலாத மகனுக்கு ஆயுள் முழுவதும் குடும்ப ஓய்வூதியம் உண்டு, நல்ல விதி. ஆனால் தகப்பனார் ஓய்வு பெற்ற சில மாதங்களில் குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும். கையில் பென்ஷன் இருக்கிறது, வாடகைக்கு வீடு கேட்டால் "இந்த மாதிரிப் பையன் இருந்தால் மற்றவர்கள் ஆட்சேபிப்பார்கள்" என்று சொசைட்டிக்காரர்கள் கையை விரிக்கிறார்கள். பென்ஷனுக்கு விதி எழுதிய கை வீட்டுக்கு எழுதவில்லை.

பெற்றோருக்குப் பின் இத்தகையோர் நாலைந்து பேராகச் சேர்ந்து உதவியாளர் துணையோடு வாழும் சிறு இல்லங்கள் வேண்டும். 1999-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த தேசிய அறக்கட்டளை, 'கரோந்தா' என்ற பெயரில் குழு இல்லத் திட்டம் வைத்திருக்கிறது. தேவைக்கு அது யானைப் பசிக்குச் சோளப்பொரி. மறுசீரமைப்பில் எழும் ஒவ்வொரு கட்டடத் தொகுதியிலும் இப்படி ஓர் இல்லத்துக்கு இரண்டு வீடுகளை ஒதுக்கும்படி மகாராஷ்டிர அரசு உத்தரவிடலாம். 5 சதவீத ஒதுக்கீட்டில் எத்தனை வீடுகள் மனவளர்ச்சி குன்றியோருக்குப் போயின என்ற பட்டியலையும் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும்.

பெற்றோர்கள் அதுவரை சும்மா இருக்கலாகாது. ஊனச் சான்றிதழ் வாங்குவதும், பிள்ளையின் பங்கைத் தெளிவாகக் குறித்து உயில் எழுதிப் பதிவு செய்வதும் முதல் வேலை. சொசைட்டியில் 'நாமினி' போட்டால் போதும் என்று பலர் எண்ணுகிறார்கள். அது மட்டும் போதாது. மாவட்ட ஆட்சித் தலைவர் பொறுப்பிலுள்ள தேசிய அறக்கட்டளையின் உள்ளூர்க் குழுவிடம் மனு செய்து, பதினெட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்குச் சட்டப்படி பாதுகாவலரை நியமித்துக்கொள்ளலாம். அந்தப் பாதுகாவலர் ஆறு மாதத்துக்குள் சொத்து விவரம் கொடுக்க வேண்டும். பிறகு வருஷா வருஷம் கணக்குக் காட்ட வேண்டும். சொத்தைச் சுரண்டினால் குழு அவரை நீக்கவும் முடியும். அண்ணன்மார் முத்திரைத்தாளில் எழுதிக் கொடுக்கும் வாக்குறுதியில் இந்தக் காவல் கிடையாது.

மனுவை மராத்தியிலோ ஆங்கிலத்திலோ எழுதத் தெரியாமல் பல தாய்மார்கள் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். மும்பையில் தமிழ்ச் சங்கங்களுக்குக் குறைவில்லை. பொங்கல் விழா நடத்தும் அதே மண்டபத்தில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு வக்கீலையும் இரண்டு இளைஞர்களையும் உட்கார வைத்தால், அந்த மனுக்களை அங்கேயே எழுதிக் கொடுத்துவிடலாம்.