ஓ.டி.பி. யாருடைய பைக்குப் போகிறது?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் முதலில் கேட்பது ஆன்டி வைரஸ் பற்றித்தான். நான் அவர்களிடம் திருப்பிக் கேட்பது வேறு. "உங்கள் இமெயில் அக்கவுண்ட்டில் யாருடைய மொபைல் நம்பர் இருக்கிறது?" பலருக்கும் பதில் தெரிவதில்லை. இதை ஏன் கேட்கிறேன் என்று சொல்கிறேன்.

எங்கள் ஊர் கோவில்பட்டி பக்கம் பசுவந்தனை. கரிசல் பூமி. மழையை நம்பி உளுந்து, பாசி, மக்காச்சோளம் போடும் மானாவாரி விவசாயம். பக்கத்துத் தெரு அத்தை ஒருவர் ஆதார் கார்டும் பாஸ்புக்குமாக ஒரு நாள் என் வீட்டிற்கு வந்தார். பி.எம். கிசான் திட்டத்தில் 2019 முதல் விவசாயிகளுக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய் மூன்று தவணைகளாக வருகிறதல்லவா, அதற்கு இ-கே.ஒய்.சி. முடிக்க வேண்டும் என்றார். "உன்கிட்டத்தான் கம்ப்யூட்டர் இருக்கே, பாத்துச் சொல்லுய்யா."

ஆதார் நம்பரை டைப் செய்து கிளிக் செய்தேன். ஓ.டி.பி. போய்விட்டது. அத்தைக்கு அல்ல, திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் மகனுக்கு. மகன் ஷிப்டில் இருந்தான், போனை எடுக்கவில்லை. சில நிமிடங்களில் அந்த நம்பர் காலாவதி. ராத்திரி அவன் கூப்பிட்டபோது அத்தை தூங்கப் போய்விட்டார். மறுநாளும் இதே கதை. "நிலம் எம் பேருல, பாஸ்புக்கு எம் பேருல. நம்பரு மட்டும் அவன் பையில" என்றார் அத்தை.

ஓ.டி.பி. கெட்ட விஷயம் அல்ல. கார்டு நம்பரைத் திருடியவன் நம் பணத்தைச் சுருட்டிவிடக் கூடாது என்றுதான், ஆன்லைனில் கார்டு மூலம் பணம் செலுத்த இன்னொரு சான்றும் வேண்டும் என 2009 ஆகஸ்ட் முதல் ரிசர்வ் வங்கி கட்டாயமாக்கியது. அந்தச் சான்றாகப் பெரும்பாலும் வந்து சேர்ந்தது எஸ்.எம்.எஸ். ஓ.டி.பி. இதற்குள் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது: ஓர் ஆளுக்கு ஒரு போன். நம் வீடுகளில் போன் அப்படியா வந்தது? ஆட்டுரல் மாதிரி வீட்டுக்கு ஒன்றாக வந்தது. பாரம் நிரப்பும்போது யார் நம்பர் ஞாபகம் வந்ததோ, அதை எழுதிக் கொடுத்தோம்.

அதன் விளைவு ஓ.டி.பி.யோடு நிற்கவில்லை. பேங்க்கில் அத்தை 500 ரூபாய் எடுத்தாலும் எஸ்.எம்.எஸ். திருப்பூருக்குப் போகிறது. "எதுக்கும்மா எடுத்த?" என்று மகன் பாசத்தோடுதான் கேட்கிறான். ஆனால் கல்யாணமாகிப் போன மகளுக்குச் சத்தமில்லாமல் ஏதாவது கொடுத்து வந்த அத்தை, அதை நிறுத்திவிட்டார். யாரும் தடுக்கவில்லை. ஒரு எஸ்.எம்.எஸ். தடுத்துவிட்டது.

இன்னொரு ஆபத்தும் உண்டு. ஓ.டி.பி.யை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று எல்லா பேங்க்குகளும் சொல்கின்றன. ஆனால் இப்படிப்பட்ட வீடுகளில் போனில் சொன்னால்தான் காரியமே நடக்கும். அப்படிச் சொல்லிச் சொல்லிப் பழகிய வீட்டில், பேங்க் மேனேஜர் பேசுகிறேன் என்று ஒருவன் கேட்டாலும் சொல்லத்தானே தோன்றும்? அப்படிப் பணம் போய்விட்டால் உடனே 1930 எண்ணுக்கு அழைக்க வேண்டும்.

"வயதானவர்களிடம் போன் கொடுத்தால் ஏமாந்துவிடுவார்கள், எங்களிடம் இருப்பதே பாதுகாப்பு" என்று சில பிள்ளைகள் சொல்கிறார்கள். அந்தப் பயம் நியாயமானது. அதற்கு வழி கற்றுக் கொடுப்பதுதான்; சாவியை வாங்கி வைத்துக்கொள்வது அல்ல.

கம்ப்யூட்டர் வாங்கிய நமக்கும் இதே கதைதான். கம்ப்யூட்டர் மாட்டிக் கொடுத்தவரோ பிரவுசிங் சென்டர்காரரோ அவசரத்தில் தன் நம்பரையே போட்டு இமெயில் திறந்திருக்கலாம். பாஸ்வேர்ட் மறந்தால் சாவி அவரிடம் போகும். ஜிமெயில் என்றால் இன்றே கூகுள் அக்கவுண்ட்டின் செக்யூரிட்டி பகுதிக்குச் சென்று ரெகவரி போன் எது என்று பாருங்கள். டூ ஸ்டெப் வெரிபிகேஷனை அமைத்தபின் பேக்கப் கோட் பத்து தருவார்கள். அவற்றைப் பேப்பரில் எழிதிப் பீரோவில் வையுங்கள். போன் தொலைந்தாலும் அக்கவுண்ட் பிழைக்கும்.

நம்பர் மாற்றினால் பேங்க்கிலும் ஆதாரிலும் மறக்காமல் மாற்றுங்கள். துண்டிக்கப்பட்ட நம்பரைக் குறைந்தது 90 நாள் யாருக்கும் தருவதில்லை என்று 2023-ல் உச்ச நீதிமன்றத்தில் டிராய் தெரிவித்தது. அதற்குப் பிறகு அது வேறொருவர் கைக்குப் போகலாம். உங்கள் ஓ.டி.பி.யும் கூடவே போகும்.

அத்தைக்கு ஒரு பட்டன் போன் வாங்கினோம். ஓ.டி.பி.க்கு அதுவே போதும். ஆதார் மையத்தில் கைரேகை வைத்து நம்பரை மாற்றினார். பேங்க்கிலும் மாற்றியாயிற்று. இ-கே.ஒய்.சி. என் வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே முடிந்தது. ஆறு இலக்கத்தையும் அத்தை தாமே ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்னார். அப்புறம் போனை மடியில் செருகிக் கொண்டு, "திருப்பூருக்கு இது போகாதுல்ல?" என்று கேட்டார். போகாது என்றேன்.

உங்கள் வீட்டு அம்மாவிடமும் ஆச்சியிடமும் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள், அவர்கள் நம்பர் யார் பையில் இருக்கிறது என்று.